நுரையீரலுக்கு ஏது எல்லைக்கல்?

வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டிய ஊர் செப்பாக்கம். காற்றுக் காலத்தில் அங்கே தண்ணீர்க் குடத்தையும் சோற்றுப் பானையையும் மூடிவைத்தே புழங்க வேண்டும். திண்ணையிலும் கொடியில் காயும் துணியிலும் சாம்பல் படிகிறது. கண்ணுக்குத் தெரிவதால் சாம்பலைத் துடைக்கவாவது முடிகிறது. அதே நிலக்கரி எரியும்போது புகைபோக்கி வழியே வெளியேறும் கந்தக டை ஆக்சைடு கண்ணில் படாது, துடைக்கவும் முடியாது. அந்த நச்சு வாயுவைக் கட்டுப்படுத்தும் கடமையிலிருந்து நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களை 2025 ஜூலை 11 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விடுவித்துவிட்டது.

இந்த விதி நேற்று முளைத்ததல்ல. 2015 டிசம்பரில் இதே அமைச்சகம்தான் உமிழ்வுக்கு உச்சவரம்பு விதித்து, 2 ஆண்டு கெடுவும் கொடுத்தது. புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் கழுவினால் கந்தகம் பிரிந்து ஜிப்சமாகிவிடும். உலகம் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திவரும் தொழில்நுட்பம் இது. ஆனால் 2017-ல் முடிந்திருக்க வேண்டிய கெடு 2022 ஆனது. பிறகு 2024, 2025, 2026 என்று நகர்ந்தது. அதன்பின் 2027, 2028, 2029 என்று தள்ளிப்போனது. கடைசியில், ஏறக்குறைய 78 சதவீத நிலையங்களுக்குக் கெடுவே இல்லாமல் போய்விட்டது. இன்னொரு 11 சதவீதத்தின் நிலை தனித்தனியே முடிவு செய்யப்படும். தேசியத் தலைநகர் வட்டாரத்துக்கோ 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் எஞ்சிய 11 சதவீதத்துக்கு மட்டும் 2027 இறுதி வரை அவகாசம்.

விலக்குக்குச் சொல்லப்படும் காரணங்களைப் பரிசீலிக்காமல் ஒதுக்குவது நியாயமாகாது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் நாம் எரிக்கும் அளவு கொஞ்சமா? நாட்டின் மின்சாரத்தில் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. காற்றில் இந்த வாயுவின் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது அடுத்த வாதம். வாயு வாயுவாகவே நின்றுவிடுவதில்லை. அது காற்றில் கலந்து சல்பேட் நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து நுரையீரலின் அடி வரை இறங்குகிறது. வாயுவை மட்டும் அளந்துவிட்டு ஆபத்தில்லை என்று சொல்வது பாதிக் கணக்கு.

விலக்கு பெறும் நிலையங்களின் புகைபோக்கி, விதித்த உயரத்தில் இருந்தால் போதுமாம். உயரமான புகைபோக்கி நஞ்சை அழிப்பதில்லை. அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கிறது.

யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு மிச்சமாகும் என்கிறது மின்துறை. அந்தக் காசு எங்கும் போய்விடவில்லை. மின்கட்டணத்தில் வரவேண்டிய செலவு, இழுப்பு நோய்க்கு வாங்கும் மருந்திலும் இழந்த நாள் கூலியிலும் வந்து விடிகிறது. அதைக் கட்டுபவர்கள் அனல்மின் நிலையத்தைச் சுற்றி வாழும் ஏழைகள்.

முடியாத காரியத்தையா கேட்கிறோம்? 2007-க்குப் பிந்தைய பத்தாண்டில் சீனா தன் கந்தக உமிழ்வை ஏறக்குறைய 75 சதவீதம் குறைத்ததையும், அதே காலத்தில் இந்தியாவின் உமிழ்வு சுமார் 50 சதவீதம் கூடியதையும் செயற்கைக்கோள் பதிவுகள் காட்டின. நிலக்கரியைக் கூடுதலாக எரித்துக்கொண்டேதான் சீனா இதைச் செய்தது. விதியைப் போட்டது, அமல்படுத்தியது.

விலக்கு அறிவித்த மூன்றாவது நாள், மின்உற்பத்தித் திறனில் பாதி புதைபடிவம் சாராத ஆற்றலாகிவிட்டது என்று மத்திய அரசு பெருமையோடு அறிவித்தது. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். 11,000 மெகாவாட்டைத் தாண்டிய தமிழகக் காற்றாலைகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் சூரிய மின்தகடுகளைக் காட்டிக்கொண்டே பழைய புகைபோக்கிகளை அவிழ்த்துவிடுவது தூய ஆற்றலுக்கான பாதையாகாது. நிலக்கரி நம்மோடு இருக்கும் நாள்வரை, எரிப்பவனே அதன் அழுக்கையும் கழுவியாக வேண்டும்.

தூய காற்று வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு, நகரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை. 9-வது கிலோமீட்டரில் வாழும் குழந்தைக்கு ஒரு நீதி, 11-வது கிலோமீட்டரில் வாழும் குழந்தைக்கு வேறொரு நீதி என்பது அப்பட்டமான அநீதி. அதைவிடக் கொடியது, விதியை மதித்துச் செலவு செய்தவரை ஏமாளியாக்கி, இழுத்தடித்தவருக்குப் பரிசளித்த செயல்.

இந்த அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டும். ஒவ்வொரு புகைபோக்கியின் அன்றாட அளவீடும் சுற்றுவட்டார மக்கள் படிக்கும்படி அவர்கள் மொழியில் வெளியாக வேண்டும். மாநில அரசும் தன் அனல்மின் நிலையங்களில், கெடுவுக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்க வேண்டும்.

2015 டிசம்பரில் முதல் கெடு விதிக்கப்பட்டபோது பிறந்த குழந்தைக்கு இப்போது பத்து வயது ஆகிவிட்டது. பெரும்பாலான அனல்மின் நிலையங்களைச் சுற்றி, அந்தக் குழந்தை சுவாசித்த காற்றில் அந்த விதி ஒரு நாள்கூட அமலாகவில்லை.