கணிதக் குறிகளைக் காப்பவர் யார்?

ஓர் ஊழியனுக்குத் தலைவர் இருவராயின் அவன் படும்பாடு நாம் அறிந்ததே. கணினியில் மார்க்டவுன் முறையாற் கட்டுரை வரைந்து, அதனிடையே சமன்பாடுகளை அமைக்குங்கால், குறிகளும் அவ்வாறே இடர்ப்படுகின்றன.

2004-ஆம் ஆண்டில் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன், எளிய குறிகளால் எழுத்தை ஒழுங்குசெய்யும் முறையாகும். இரண்டு உடுக்குறிகளின் ( * ) இடையே நின்ற சொல் சாய்வெழுத்தாகும். அடிக்கோட்டிற்கும் ( _ ) அதுவே தொழில். பின்சாய்கோடோ ( \ ) தனக்குப் பின்வரும் குறியின் தொழிலை விலக்கி, அதனை வெறுங் குறியாக நிறுத்தும். நம் இலக்கணத்தார் 'கரம்' என்னுஞ் சாரியை கூட்டி, அகரம், இகரம் என எழுத்தையே சுட்டினமை இதனோடு ஒப்பிடத்தக்கது.

நிற்க. 1978-இல் டொனால்டு குனூத் வெளியிட்ட டெக் முறையில், அடிக்கோடு கீழொட்டினை உணர்த்தும். பின்சாய்கோடு கட்டளைகளின் தலையில் நிற்கும். ஆகவே, ஒரே குறியை இருவரும் தமதென்பர். முந்திப் படிப்பது மார்க்டவுனாயின் விளைவு யாது? 2*3*4 = 24 என்று எழுதினால், உடுக்குறிகள் மறைந்து, 3 மட்டுஞ் சாய்ந்து, 234 = 24 என நிற்கும். கணங்களின் அடைப்பு வேண்டி \{ என்றெழுதின், கோட்டை மார்க்டவுன் உண்டுவிட, எஞ்சிய அடைப்பை டெக் அச்சிடாது விடும். அணிகளில் வரிபிரிக்கும் \\ ஒன்றாய்க் குறைந்து, இரு வரிகள் ஒருவரியாகும். கணினியோ பிழையென்று ஒரு சொல்லுங் கூறாது. படிப்போர் பழிப்பது எழுதினவனையே அன்றோ?

"இரண்டு கோடு வேண்டுமிடத்து நான்கு இடுக" என்பார் சிலர். அது மருந்தன்று. டாலர் குறிகளுக்கு உட்பட்டதைத் தொடாது விடும் பாண்டாக் போன்ற கருவியில், அந்நான்கும் இருமுறை வரிபிரித்து வெற்றுவரி ஒன்றை இடைப்புகுத்தும். ஓரிடத்துச் சரியானது மற்றோரிடத்துத் தவறாயின், அவ்வேட்டை நண்பர்க்கு அனுப்புவதெங்ஙனம்?

ஆதலின் நம் கருத்து இது: சமன்பாட்டிற்குப் புறத்தே குறிகளைக் காத்தல் எழுதுவோன் கடன், அகத்தே காத்தல் கருவியின் கடன். விலையைக் குறிக்க \$5 என்று எழுதுதல் நம் பொறுப்பு. ஆனால், சமன்பாட்டின் எல்லையை முதலிற் கண்டு, அதனுள் கைவையாதிருத்தல் கருவி செய்வோர் பொறுப்பு. 2022-இல் சமன்பாடுகளை ஏற்கத்தொடங்கிய கிட்ஹப் தளமும், பின்னர் டாலர் குறியோடு பின்மேற்குறியையுஞ் ( ` ) சேர்த்து எல்லையிட வழிசெய்தது. எல்லையை வரையறுத்தலே தீர்வென்பதற்கு இதுவுஞ் சான்று.

எல்லாக் கருவிகளும் அந்நெறி நிற்குங்காறும், மாணவ நண்பர்காள், தட்டெழுதியதை மட்டும் நோக்கி அமையாது, உருப்பெற்ற பக்கத்தையும் ஒருமுறை கூர்ந்து நோக்கிய பின்னரே ஆசிரியர் கையிற் சேர்ப்போமாக.