மேல்துணி அவரவருடையது



ஒட்டுத்துணி குவில்ட் பற்றிப் போன இதழில் எழுதியதிலிருந்து வரும் கடிதங்களில் பல ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. "எங்கள் தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து தைக்கலாம் என்று நினைக்கிறோம், எப்படித் தொடங்குவது?" துணி எங்கே வாங்குவது, எந்த மெஷின் நல்லது என்று கேட்பவர்களைவிட இப்படிக் கேட்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு நிறைகிறது. இந்தப் பக்கத்தை அவர்களுக்கே தருகிறேன்.

சேர்ந்து தைப்பதைப் பற்றி நினைத்தாலே எனக்கு ஜீஸ் பெண்ட் ஞாபகம் வரும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் ஊர் அது. பருத்திப் பண்ணைகளில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். பெட்வே என்ற பண்ணை முதலாளியின் குடும்பப் பெயர் இன்றும் பலரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் பலகை வீடுகளின் இடுக்கு வழியே குளிர்காற்று உள்ளே வரும். சுவரில் செய்தித்தாளை ஒட்டி, பிள்ளைகளுக்குக் குவில்ட் போர்த்தித் தூங்கவைப்பார்கள். உள்ளே வைக்கும் பஞ்சுக்கும் காசு கிடையாது. பருத்தி அரைக்கும் ஆலையில் கீழே சிந்தியதை வாரிக்கொண்டு வந்து, குச்சியால் அடித்து அடித்துப் பரப்பிக்கொள்வார்கள். மேலுக்கு மாவு மூட்டைச் சாக்கு, உரச்சாக்கு, கிழிந்த வேலைத் துணி என்று எது கிடைத்தாலும் சரி.

1942-இல் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி தைத்த ஒரு குவில்டைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். கணவர் இறந்தபின், அவர் வயலில் போட்டு உழைத்த உடைகளைப் பிரித்து, மகள் ஆர்லோன்சியாவைக் கூட வைத்துக்கொண்டு தைத்தது. அவரை நினைத்துக்கொள்ளவும், அவருடைய அன்பைப் போர்த்திக்கொண்டு படுக்கவும்தான் அம்மா அதைத் தைத்தார் என்று மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த ஊர்ப் பெண்கள் வேலைத் துணியில் தைத்த குவில்டுகளின் படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தேய்ந்து வெளுத்த நீலத்துக்கு நடுவே சில இடங்களில் மட்டும் கருநீலமாக ஒரு சதுரம் தெரியும். பாக்கெட்டைப் பிரித்து எடுத்த இடம் அது. வெயில் படாததால் அங்கே மட்டும் பழைய சாயம் அப்படியே நின்றுவிட்டது. அதை யாரும் வெட்டித் தள்ளவில்லை, மறைக்கவும் இல்லை.

இவர்கள் எப்படிச் சேர்ந்து தைத்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம். குவில்ட் மூன்று அடுக்கு என்பது உங்களுக்குத் தெரியும்: துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி. ஜீஸ் பெண்டில் மேல்துணியை அவரவர் தம் வீட்டில், தனியாக உட்கார்ந்துதான் பெரும்பாலும் இணைப்பார்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், கோடு நேராகப் போகட்டுமா வளையட்டுமா என்பதெல்லாம் அவரவர் முடிவு. மேல்துணி தயாரான பிறகுதான் நாலு பேர் கூடுவார்கள். மூன்று அடுக்கையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து, பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் தைத்து முடிப்பார்கள். இன்று ஒரு வீட்டுக் குவில்ட் என்றால் அடுத்தது இன்னொரு வீட்டுக் குவில்ட்.

உங்கள் குழுவுக்கு என் முதல் யோசனை இதுதான். அடுத்தவர் தேர்ந்தெடுத்த நிறத்தில் கை வைக்காதீர்கள். "இந்தப் பச்சை எடுபடலையே", "கொஞ்சம் ஒழுங்கா அடுக்கியிருக்கலாமே" என்று ஆரம்பித்தால் இரண்டாவது மாதமே ஒருவர் வராமல் நின்றுவிடுவார். குறிப்பு சொல்ல வேண்டியது ஊசிக்கும் நூலுக்கும்தான். அதில் மட்டும் எதையும் ஒளித்துவைக்காமல், கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அந்த ஊர் அனுபவமே இதற்குச் சாட்சி. 1966-இல், சிவில் உரிமைப் போராட்டம் சூடாக இருந்த காலத்தில், ஜீஸ் பெண்டிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள், பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது, கையில் காசு புழங்கியது. அது சாதாரண விஷயமில்லை. ஆனால் கடைக்காரர்களுக்கு எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரியில் வேண்டியிருந்தது. தன் மனசுபோல் தைத்துப் பழகிய பலருக்கு அது ஒத்துவரவில்லை. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. மிஞ்சிய வெட்டுத்துணியைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் தங்கள் இஷ்டத்துக்குக் குவில்ட் தைத்தார்கள். உறைகளை இன்று யார் நினைக்கிறார்கள்? அந்தக் கார்டுராய் குவில்டுகளை மியூசியங்கள் பத்திரப்படுத்தியிருக்கின்றன. 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி மியூசியத்திலும் ஜீஸ் பெண்ட் குவில்டுகள் சுவரில் தொங்கின. 2006-இல் அமெரிக்கத் தபால்துறை அவற்றைத் தபால்தலையாகவே வெளியிட்டது.

சரி, ஊசி நூல் விஷயத்துக்கு வருகிறேன். வாசகிகள் எழுதியதிலிருந்தும் நாங்கள் அலுவலகத்தில் தைத்துப் பார்த்ததிலிருந்தும் சில.

பருத்தித் துணியை வெட்டும் முன் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருங்குவது முன்பே சுருங்கட்டும். சுங்குடியும் அடர்சிவப்பும் சாயம் விடும், அவற்றைத் தனியாக அலசுங்கள். வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்த பிறகு தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

தையல் பிடிப்பு கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான். ஒவ்வொரு தையலிலும் அரை நூல் (ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம்) கூடுதலாகப் பிடித்தால் இரண்டு துண்டிலும் சேர்த்து ஒரு நூல் போகும். எட்டுத் தையல் தாண்டும்போது முழுசாக ஓர் அங்குலம் குறைந்து, மூலைகள் ஒன்றோடொன்று சேராது. புதிதாக வருபவர்கள் பலர் துணியைக் குறை சொல்வது இந்த இடத்தில்தான். பக்கத்தில் உட்கார்ந்து அளவுநாடாவை வைத்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

இணைத்த துண்டுகளின் மேல் இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். மூன்று அடுக்கையும் நூலோட்டும்போது நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள், இல்லாவிட்டால் நடுவில் துணி கொப்பளம் போடும். கைத்தையலுக்கு முழங்கை நீளத்துக்கு மேல் நூல் கோக்க வேண்டாம். முடிச்சை லேசாகச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள் இறக்கிவிட்டால் மேலே தெரியாது. இந்தக் கடைசி விஷயத்தை எத்தனை எழுதினாலும் வராது, ஒருவர் கையைப் பார்த்தால்தான் வரும். வாசகியருக்கு நான் குழுவைப் பரிந்துரைப்பதே அதனால்தான்.

கூடும் முறையைப் பெரிதாகத் திட்டமிட வேண்டாம். மாதம் ஒருநாள், யார் வீட்டுத் திண்ணையாவது, மாடியாவது, நூலகத்து ஓரமாவது போதும். சீட்டுப் போல முறை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மாதம் ஒருவரின் மேல்துணி சட்டத்தில் ஏறும், அடுத்த மாதம் இன்னொருவருடையது. முதல் முறையை மூத்தவருக்குக் கொடுக்காமல், புதிதாக வந்தவருக்குக் கொடுத்துப் பாருங்கள். கண் மங்கியவர்களுக்கு ஊசி கோத்துக் கொடுக்க ஒரு சின்னப் பிள்ளையை உட்காரவையுங்கள். ஜீஸ் பெண்டில் பல பெண்கள் தையலுக்குள் வந்தது அப்படி ஊசி கோத்துக் கொடுத்துத்தான்.

ஜீஸ் பெண்டுக்காரர்களுக்குப் பிடித்த 'ஹவுஸ்டாப்' மாதிரியை அடுத்த இதழில் அளவுகளோடு தருகிறோம். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். அதுவரை வீட்டிலுள்ள பழைய வேட்டி, சட்டை, நைந்த சேலை எதையும் பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். துவைத்து, மடித்து எடுத்துவையுங்கள். பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்