சாக முடியாத இளவரசன்

2026 ஜனவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வாதம் நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகனும் அவனுடைய பள்ளித் தோழர்கள் இருவரும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நிலத் தகராறோ கல்யாணப் பேச்சோ என்று எண்ணி எட்டிப் பார்த்தேன். விவகாரம் ஒரு கணினி விளையாட்டு. முப்பது வயதைத் தொட்ட மூன்று பேர், அதில் ஒருவன் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்ற தொடரைக் கெடுத்தது யார், எந்த ஆண்டில் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் தலைமுறை வாசகர்கள் பலரைப் போல நானும் இத்தகைய பேச்சைச் சிரித்தபடி கடந்து போகிறவன்தான். அன்று என்னை நிறுத்தியது மருமகன் சொன்ன ஒரு வாக்கியம். 'மாமா, அந்த 2008 ஆட்டத்தில் இளவரசன் சாகவே மாட்டான். சாக முடியாதென்றால் பிழைப்பதற்கு என்ன அர்த்தம்?'

நாவலைப் பற்றி இப்படி ஒரு கேள்வி எழுந்தால் நாம் கூட்டம் போட்டு விவாதித்திருப்போம். விளையாட்டைப் பற்றி எழுந்ததாலேயே அது சிறுபிள்ளைத்தனமாகிவிடுமா என்ன?

இத்தொடரை அறியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சில செய்திகள். ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் 1989-இல் ஆப்பிள் டூ கணினிக்காக உருவாக்கிய ஆட்டம் முதலாவது. தன் தம்பியை ஓடவும் தாவவும் சொல்லிப் படம் பிடித்து, அந்த அசைவுகளைச் சட்டகம் சட்டகமாகப் பிரதியெடுத்து இளவரசனுக்கு உடல் கொடுத்தார். அறுபது நிமிடங்களுக்குள் சிறையிலிருந்து தப்பி இளவரசியை மீட்க வேண்டும். பள்ளத்தில் விழுந்தால் மறுபடி தொடங்கலாம். ஆனால் கடிகாரம் பின்னால் போகாது. சாவின் விலை நேரம்.

2003-இல் மெக்னரின் எழுத்துப் பங்களிப்போடு யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மாண்ட்ரியால் குழு 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஆட்டத்தைக் கொண்டுவந்தது. இளவரசன் கையில் ஒரு குத்துவாள். அதில் மணல் இருக்கும்வரை சில நொடிகள் காலத்தைப் பின்னோக்கி இழுக்கலாம். விழுந்தவன் மேலேறுவான், வெட்டுப்பட்டவன் வெட்டுக்கு முன் நிற்பான். மணல் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆட்டம் முழுவதும் இளவரசன் யாருக்கோ சொல்லும் கதையாகவே நடக்கிறது. நாம் செத்துப்போனால், 'இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை' என்கிற பொருளில் கதைசொல்லி தன்னைத் திருத்திக்கொள்கிறான். விளையாடுபவனின் தோல்வி கதைசொல்லியின் வாய் தவறுதலாகிவிடுகிறது. ஆயிரத்தொரு இரவுகளின் கதை மரபை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு நுட்பமான பொருத்தம் என்று விளக்கத் தேவையில்லை.

அடுத்த ஆண்டே, 2004-இல், 'வாரியர் விதின்' வந்தது. மென்மையான இளவரசன் போய்க் கோபக்காரன் வந்தான். இரத்தமும் இரைச்சலான கிதார் இசையும் வந்தன. சண்டைமுறை விரிவாயிற்று, எதிரியின் ஆயுதத்தைப் பிடுங்கி இரு கையாலும் வெட்டலாம். தொடரைத் தொடங்கிய மெக்னரே அதன் கலைப்போக்கும் வன்முறையும் தனக்கு உவப்பில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். 2005-இல் வந்த 'தி டூ த்ரோன்ஸ்' ஆட்டத்தில் இளவரசனுக்குள் ஓர் இருண்ட இளவரசன் புகுந்து, இருவரும் ஓயாமல் வழக்காடுகிறார்கள். ரசிகர்களின் சண்டையையே ஓர் உடலுக்குள் அடைத்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பிறகு 2008. புதிய இளவரசன், எலிக்கா என்ற துணைவி. நாம் தாவித் தவறினால் எலிக்காவின் கை வந்து பிடித்து, கடைசியாக நின்ற பத்திரமான இடத்தில் விட்டுவிடும். சண்டையிலும் அப்படியே. திண்ணையில் நடந்த வழக்கு இதைப் பற்றித்தான்.

தோழர்களில் ஒருவன் நியாயமான எதிர்வாதம் ஒன்றை வைத்தான். பழைய ஆட்டங்களில் மட்டும் யார் செத்தார்கள்? செத்தால் திரை இருண்டு பழைய இடத்தில் மறுபடி தொடங்குகிறது. எலிக்கா செய்வதும் அதுவேதான். காத்திருக்கும் நேரம் மிச்சம், அவ்வளவே. கணக்காகப் பார்த்தால் அவன் சொன்னது சரி. மருமகனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 'கைக்குத் தெரியுது மாமா, வாயால சொல்ல வரல' என்றான்.

அந்த பதிலை நான் வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். என் தாத்தா நெசவாளர். நூல்களைக் கையால் தூக்கி வடிவம் எடுக்கும் அடை முறையில் தொடங்கி, ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேல் ஏறிய காலத்தையும் பார்த்தவர். பெட்டி வந்த பிறகு வேலை விரைவானது, புட்டா பிசிறில்லாமல் விழுந்தது. ஆனாலும் ஏதோ போய்விட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். என்ன போயிற்று என்று கேட்டால் கையை விரித்துக் காட்டுவார். வீட்டில் எல்லோரும் அதைக் கிழவரின் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டோம். அவருடைய முணுமுணுப்பில் ஓர் அறிவு இருந்தது, அதைக் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டபோது அவர் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். நாவலின் வாசகனும் சினிமாவின் பார்வையாளனும் கண்ணாலும் மனத்தாலும் படைப்பை அறிகிறார்கள். விளையாட்டின் ரசிகன் அத்துடன் விரலாலும் அறிகிறான். எந்த நொடியில் அழுத்தினால் சுவரில் ஓடலாம், எந்த நொடி தாமதித்தால் விழுவோம் என்பது பல நூறு முறை விழுந்து அவன் விரலில் ஏறிய பாடம். விளையாட்டுமுறையை மாற்றும்போது அந்தப் பாடத்தின் ஒரு பகுதி செல்லாக்காசாகிறது. அவன் கூச்சலிடுவதில் ஆச்சரியமில்லை. அதை வெறும் பழமைப்பற்று என்று தள்ளிவிடுவது, தாத்தாவுக்கு நாங்கள் செய்த தவறையே மறுபடி செய்வதாகும்.

ஆனால் கூச்சலிடுபவன் சொல்வதெல்லாம் சரியென்றும் ஆகாது. எந்த மாற்றம் தொடரை வளர்க்கிறது, எது அதைச் சிதைக்கிறது என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். காஞ்சிபுரத்துக்காரனான எனக்குக் கோர்வைதான் கண்ணில் படுகிறது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும் கோர்வைப் புடவையில் இரண்டுக்கும் தனித்தனி நாடாக்கள் ஓடும். மூன்று நாடாக்களை ஓட்ட ஒருவர் கை போதாது. பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார வேண்டும். ஒவ்வோர் ஊடையிலும் உடலின் நூலும் கரையின் நூலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். புடவை நைந்தாலும் கரை பிரியாது என்று இங்கே பெருமையாகச் சொல்வோம். விளையாட்டில் கதை ஒரு நாடா, கைவேலை இன்னொரு நாடா. இரண்டும் ஒவ்வொரு கணமும் பற்றிக்கொள்கின்றனவா என்பதே கேள்வி.

2003-இன் ஆட்டத்தில் பற்றிக்கொள்கின்றன. காலத்தைத் திருப்பும் விரலும், காலத்தைத் திருப்பிக் கதை சொல்லும் குரலும் ஒரே நெசவு. 'வாரியர் விதின்' சண்டைமுறையில் ஒரு படி மேலே போனது. அதை அந்த ஆட்டத்தை வெறுப்பவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதன் கோபமும் இரத்தமும் கதைக்குள்ளிருந்து முளைத்தவையாக எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வேறெங்கோ விலைபோன சரக்கை வாங்கி ஒட்டியதாகவே தெரிகிறது. கரை அழகு, உடலும் குறையில்லை, கோர்வைதான் இல்லை.

2008-இன் ஆட்டத்தில் மருமகனோடு எனக்கு மாறுபாடு உண்டு. எலிக்காவின் கையும் குத்துவாளின் மணலும் ஒன்றல்ல என்பதில் அவன் சொல்வது சரி. மணல் அளவுள்ளது, அதைச் செலவிடும் முடிவு என்னுடையது. எலிக்காவின் கை அளவற்றது, நான் கேட்காமலே வருவது. அவனுடைய விரலுக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். ஆனால் ஆட்டத்தின் முடிவைப் பாருங்கள். அஹ்ரிமானைச் சிறைப்படுத்த எலிக்கா தன் உயிரைக் கொடுக்கிறாள். அவளை மீட்க வேண்டுமானால், ஆட்டம் முழுவதும் பாடுபட்டு அடைத்த இருளை நாமே திறந்துவிட வேண்டும். மரங்களை ஒவ்வொன்றாக வெட்டும்போது பொத்தானை அழுத்துவது நம் விரல்தான். எத்தனையோ முறை நம்மைப் பிடித்து நிறுத்திய ஒரு கை இப்போது அசையாமல் கிடக்கிறது. இளவரசனுக்குச் சாவே இல்லாமல் வைத்திருந்தது இந்த ஒரு சாவு நம்மைத் தாக்குவதற்காக என்றே நான் நினைக்கிறேன். அங்கே கோர்வை விழுந்திருக்கிறது. ரசிகர்கள் உடலைப் பார்த்துத் திட்டிவிட்டுக் கரைக்கு வராமலே எழுந்து போனார்கள்.

இனி, எனக்கு உறுத்தலாக இருக்கும் செய்திக்கு வருகிறேன். 2003-இன் ஆட்டத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு யூபிசாஃப்டின் புனே, மும்பைக் கிளைகளுக்குத் தரப்பட்டது. 2020 செப்டம்பரில் அறிவித்தார்கள். இவ்வளவு புகழ்பெற்ற ஒரு தொடர் இந்தியக் கைகளில் வந்தது சிறிய விஷயமல்ல. முன்னோட்டக் காட்சி வெளியான அன்றே உலகெங்கும் கேலி. முகம் பொம்மை போலிருக்கிறது, வண்ணம் சரியில்லை, இது எந்தக் காலத்துக் கணினி வரைகலை என்றெல்லாம். வெளியீடு தள்ளிப்போனது, பிறகு தேதியே இல்லாமல் போனது. 2022-இல் வேலை மாண்ட்ரியாலுக்கு மாற்றப்பட்டது. 2026 ஜனவரியில் வேறு சில ஆட்டங்களோடு சேர்த்து இதையும் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. திண்ணை வாதத்தைக் கிளப்பிவிட்டதே அந்த அறிவிப்புதான்.

கைவிட்டது நிறுவனத்தின் வணிக முடிவு. அதை ரசிகர்களின் தலையில் கட்டுவது நியாயமாகாது. முன்னோட்டத்தின் குறைகளும் கற்பனையல்ல. ஆயினும் 2020-இல் கேலி செய்தவர்கள் பார்த்தது ஒரு காட்சித்துண்டை மட்டுமே. சுவரில் ஓடும்போது கைக்கு எப்படி இருந்தது, மணலைத் திருப்பும்போது விரல் என்ன உணர்ந்தது என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. விரலின் அறிவைச் சொல்லி உரிமை கோருகிறவர்கள் விரல் படாத பொருளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். மருமகனும் அன்று சிரித்தவர்களில் ஒருவன். 'நம்ம ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் எதுக்குன்னு நானே எழுதினேன் மாமா' என்று அவனே சொன்னான். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

2024-இல் வந்த 'தி லாஸ்ட் கிரௌன்' ஆட்டத்துக்கும் இதுவே நேர்ந்தது. நாயகன் இளவரசனல்ல, சர்கோன் என்ற வீரன்; ஆட்டம் பக்கவாட்டுப் பார்வையில் நகர்கிறது; ஆகவே இது நம் தொடரே அல்ல என்று வெளிவருமுன்பே பலர் முடிவு கட்டினார்கள். 1989-இன் ஆட்டம் பக்கவாட்டில்தான் ஓடியது என்பதை மறந்துவிட்டார்கள் போலும். விளையாடிப் பார்த்த விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினார்கள். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. அதை உருவாக்கிய பிரெஞ்சுக் குழு அந்த ஆண்டுக்குள்ளேயே கலைக்கப்பட்டு வேறு வேலைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டது. தொடரின் மூல ஊற்றுக்கு மிக அருகில் சென்று வந்தவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம்.

காந்தி ரோட்டுக் கடைகளில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்தே நிறம் பிடிக்கவில்லை என்று நகர்ந்துவிடுவார். இன்னொருவர், பெரும்பாலும் வயதான அம்மாள், புடவையை மடியில் போட்டு, திருப்பி, கரை உடலோடு சேரும் இடத்தைப் பின்பக்கத்தில் விரலால் தடவிப் பார்ப்பார். அதன் பிறகு அவர் வேண்டாம் என்று சொன்னால் நெய்தவனுக்கு வருத்தம் இருக்கலாம், அவமானம் இராது. ரசிகர்கள் வாதிடட்டும், கடுமையாகவே வாதிடட்டும். தடவிப் பார்த்துவிட்டு வாதிடட்டும் என்பதே என் கோரிக்கை. இலக்கியத்தில் நமக்குள் நடக்கும் சண்டைகளுக்கும் இதைப் பொருத்திக்கொள்ளலாம். ஒரு நாவலை முழுக்கப் படிக்காமல் அதன் நடை மாறிவிட்டது என்று கட்டுரை எழுதியவர்கள் நம்மிடையே இல்லையா?

இதைச் சொல்லும் தகுதி அன்று எனக்கே இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்புமுன் மருமகன் என் பழைய கணினியில் 2003, 2008 ஆட்டங்கள் இரண்டையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு மாதத்துக்கும் மேல் தினமும் இரவில் உட்கார்ந்தேன். முதல் பெரிய பள்ளத்தில் பதினோரு முறை விழுந்தேன். மணல் தீர்ந்தபோது ஏற்பட்ட திகைப்பு, எலிக்காவின் கை வந்து பிடித்தபோது ஏற்பட்டதில்லை. 2008-ஐ முடித்த இரவு அவனைத் தொலைபேசியில் அழைத்து, மரங்களை வெட்டும் இடத்தைப் பற்றி என் தரப்பைச் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால், 'நான் அந்த ஆட்டத்தைப் பாதியிலேயே விட்டுட்டேன் மாமா, முடிச்சுட்டுப் பேசறேன்' என்றான்.