சராசரி சம்பளம் 4.2 லட்சம்... நம்பலாமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே வீட்ல ஆரம்பிச்சிடுவாங்க... 'எந்த காலேஜ்ல ப்ளேஸ்மென்ட் நல்லா இருக்கு?' நோட்டீஸ்களைப் புரட்டினா கொட்டை எழுத்துல ஒரு நம்பர் கண்ணைப் பறிக்கும்: 'சராசரி சம்பளம் இத்தனை லட்சம்!' அதை நம்பித்தான் நாலு வருஷத்தையும், அப்பா கையெழுத்துப் போடற கல்விக் கடனையும் பணயம் வைக்கப் போறீங்க. அதுக்கு முன்னாடி பத்தாம் வகுப்பு கணக்கு புக்கைக் கொஞ்சம் தூசு தட்டுங்க ஃப்ரெண்ட்ஸ்!

சும்மா ஒரு கற்பனைக் கல்லூரி. ஒரு டிபார்ட்மென்ட்ல 10 பேருக்கு வேலை கிடைச்சிருக்கு. சராசரி, வருஷத்துக்கு 4.2 லட்சம். அதிகபட்சம் 24 லட்சம், அது ஒரே ஒருத்தருக்கு. மத்த 9 பேருக்கும் ஒரே சம்பளம். எவ்வளவு? பேப்பர், பேனா எடுத்தாச்சா?

ஸ்டெப் 1: தெரியாததுக்குப் பேர் வைங்க. 'எக்ஸ்'தான் வைக்கணும்னு சட்டமெல்லாம் இல்ல. சம்பளத்துக்கு 'ச'.

ஸ்டெப் 2: சராசரியை மொத்தமா மாத்துங்க. 4.2 × 10 = 42 லட்சம். பலர் சறுக்கறது இங்கதான். சராசரியை எண்ணிக்கையால பெருக்கினா மொத்தம் கிடைக்கும்ங்கறதை மறந்துடறாங்க.

ஸ்டெப் 3: சமன்பாடு. 9ச + 24 = 42. அந்தப் பக்கம் போனா 24 மைனஸ் ஆகும். 9ச = 18. ஆக, ச = 2.

ஸ்டெப் 4: சரிபார்க்கணும். 9 × 2 + 24 = 42. பத்தால வகுத்தா 4.2. டபுள் ஓகே!

பார்த்தீங்களா? '4.2 லட்சம்'னு சொன்ன இடத்துல 10 பேர்ல 9 பேர் வாங்கறது 2 லட்சம். நோட்டீஸ்ல பொய் இல்ல. ஆனா, 4.2 லட்சம் வாங்கற ஆள் ஒருத்தர்கூட அங்க கிடையாது!

இப்போ இடைநிலை அளவைப் பாருங்க. சம்பளங்களைச் சின்னதுல இருந்து பெரிசா வரிசைப்படுத்தினா 5-வது, 6-வது ஆள் ரெண்டு பேருக்குமே 2 லட்சம். ஸோ, இடைநிலை அளவும் 2 லட்சம். அந்த 24 லட்சத்தை 50 லட்சமா ஆக்கினாலும் இது அசையாது. சராசரி மட்டும் 6.8 லட்சத்துக்கு எகிறிடும்.

அடுத்தது திட்ட விலக்கம். பயப்படாதீங்க, நாலு வரிதான். சராசரியில இருந்து விலகல்: 9 பேருக்கு −2.2, ஒருத்தருக்கு +19.8. அப்படியே கூட்டினா பூஜ்யம்தான் வரும். அதனாலதான் வர்க்கம் எடுக்கறோம். 9 × 4.84 = 43.56. இதோட 392.04-ஐக் கூட்டினா 435.6. பத்தால வகுத்தா 43.56. வர்க்கமூலம் 6.6. சராசரியே 4.2தான், விலக்கம் 6.6! இப்படி சராசரியைவிட விலக்கம் பெரிசா இருந்தா, அந்த சராசரியை வெச்சு உங்க சம்பளத்தைக் கணிக்க முடியாதுன்னு அர்த்தம்.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. அந்த க்ளாஸ்ல மொத்தம் 40 பேர்னு வைங்க. வேலை கிடைக்காத 30 பேர் இந்தக் கணக்குலயே வரல!

அதனால கலந்தாய்வுக்கு சாய்ஸ் லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி காலேஜ்ல மூணு கேள்வி கேளுங்க: படிச்சு முடிச்சவங்க எத்தனை பேர்? வேலை கிடைச்சவங்க எத்தனை பேர்? இடைநிலை சம்பளம் எவ்வளவு? 2016-ல இருந்து வெளியாகற மத்திய அரசோட என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கற விவரத்துல 'மீடியன் சேலரி'யும் இருக்கு. 'மீடியன்'னா நம்ம இடைநிலை அளவேதான். முதல்ல அந்த நம்பரைத் தேடுங்க.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க்: 5 பேர். சராசரி 4 லட்சம். ஒருத்தருக்கு 12 லட்சம், மத்த 4 பேருக்கும் ஒரே சம்பளம். அந்தச் சம்பளம், இடைநிலை அளவு, திட்ட விலக்கம் மூணையும் ஸ்டெப் விடாம போடுங்க. போட்டு முடிச்சப்புறம்தான் கீழே பார்க்கணும், ஓகேவா?

(விடை: 2 லட்சம், 2 லட்சம், 4 லட்சம்)