தலையைக் காப்போம், சாலை உரிமையையும் காப்போம்

ஊர்த் தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நம் பெரியவர்கள் அனுபவித்தார்கள். இன்று காலனியில் பல வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கட்டட வேலைக்கும் மில்லுக்கும் கல்லூரிக்கும் அதில்தான் போகிறோம். மாதத் தவணை கட்டி வாங்கிய அந்த வண்டி சிலர் கண்ணை இன்னும் உறுத்துகிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் பட்டியல் சமூகக் கல்லூரி மாணவர் ஒருவர் கைகளில் வெட்டப்பட்டார். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் குற்றம்சாட்டினர். வண்டி ஓட்டுவதற்கே விலை கொடுக்க வேண்டியிருக்கும் நாம், ஹெல்மெட் சட்டத்தை எப்படிப் பார்ப்பது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு இருசக்கர வாகனத்தில் செல்பவர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பின்னால் அமர்பவர் உட்பட நான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் இதற்குக் கட்டுப்பட்டவர்கள். மீறினால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தையும் இழக்க நேரலாம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் இந்தத் தொகை வசூலிக்கப்படுகிறது. அதற்கு முன் 100 ரூபாய்தான். நூறு நாள் வேலைக்கு 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். ஒரு முறை பிடிபட்டால் மூன்று நாள் கூலிக்கு மேல் போய்விடும்.

இதனால் நம் இளைஞர்களில் சிலர், 'இது ஏழையிடம் பணம் பிடுங்கும் சட்டம்' என்கிறார்கள். கோபம் புரிகிறது, முடிவை ஏற்க முடியாது. தலைக்கவசம் விபத்தில் இறக்கும் அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாக உலக அளவிலான ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. நிலமோ சேமிப்போ இல்லாத வீட்டில் சம்பாதிப்பவர் விழுந்தால், பிள்ளைகளின் படிப்பு அன்றோடு நிற்கும். நஷ்டஈடு வழக்கிலும், ஹெல்மெட் அணியாததைக் காட்டித் தொகையைக் குறைக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் வாதாடும். ஒரே வண்டியில் மூவர் சென்ற வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், அந்த விதிமீறல் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமானது என்று நிரூபிக்காமல் நஷ்டஈட்டைக் குறைக்கக் கூடாது என்றது. கால் உடைந்தவரின் வழக்கில் ஹெல்மெட்டைக் காரணம் காட்டினால், நம் வழக்கறிஞர் இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டலாம்.

ஆகவே ஹெல்மெட் போடுவோம், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்தே வாங்குவோம். ஆனால் வண்டியை நிறுத்தும் காவலருக்கும் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோம்.

சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ் உள்ளிட்ட ஆவணங்களை டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் காட்டினாலும் செல்லும். ஹெல்மெட் இல்லை என்பதற்காக மட்டும் வண்டியைப் பிடித்து வைக்க 207ஆவது பிரிவு இடம் தரவில்லை. உரிமம் இல்லாமல் ஓட்டுவது, வயது நிரம்பாமல் ஓட்டுவது, பதிவு செய்யாத வண்டியை ஓட்டுவது போன்றவற்றுக்கே அந்த அதிகாரம். அபராதம் கட்டினால் ரசீது கேட்டு வாங்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர் நீதிமன்றத்தில் வாதாடலாம்.

சோதனையின்போது நம்மைச் சுடும் கேள்வி வேறொன்று: 'எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?' உரிமத்திலேயே முகவரி இருக்கும்போது தெருவைத் தனியாகக் கேட்பது எதற்கு என்பது கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதைத் தொடர்ந்து சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது போக்குவரத்து விவகாரமாக இருக்காது. பொதுப் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரால் இழிவுபடுத்துவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவில் குற்றம். காக்கிச் சட்டைக்கு அதில் விலக்கு இல்லை.

அதே சட்டத்தில் நம்மில் பலர் அறியாத ஒரு பிரிவும் உண்டு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 3(1)(இசட்.ஏ.) பிரிவு, பொது இடத்தில் பட்டியல் சமூகத்தவர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதைக் குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ பிரிவு. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பட்டியல் சமூகத்தைச் சேராத அதிகாரி வேண்டுமென்றே கடமை தவறினால், 4ஆவது பிரிவு அவர்மீதே பாயும்.

மாவட்டக் காவல் துறையிடம் நாம் கேட்பது இதுதான். காலனி முக்கில் நடக்கும் சோதனை கடைவீதியிலும் ஊர்த் தெருவிலும் அதே கண்டிப்போடு நடக்கட்டும். முதல் முறை பிடிபடும் கூலித் தொழிலாளிக்குக் குறைந்த விலையில் ஹெல்மெட் கிடைக்க ஏற்பாடு செய்யட்டும். 194டி பிரிவைக் காட்டும் அதே அக்கறையோடு 3(1)(இசட்.ஏ.) பிரிவையும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் தமிழில் எழுதி வைக்கட்டும். நம் தலையைக் காப்பதில் அரசுக்கு அக்கறை இருக்குமானால், அந்தத் தலை நிமிர்ந்து சாலையில் போவதையும் அது காக்க வேண்டும்.