‘கிளட்ச் பிடிக்குதில்லை’: ஒரு சொல்லால் வந்த நட்டம்



கராஜ் வாசலில் நடக்கும் சண்டைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம்மில் பலர் சண்டை பிடித்தும் இருக்கிறோம். காலையில் வாகனத்தை விட்டு வருகிறோம். மாலையில் போனால் சொன்ன வேலை நடக்கவில்லை, சொல்லாத வேலை நடந்திருக்கிறது, பில் நினைத்ததைவிட இரண்டு மடங்கு. உடனே ‘கள்ளன்’ என்ற சொல் வாய்க்கு வந்துவிடுகிறது. முப்பது வருடமாக லொறி வைத்து வியாபாரம் செய்பவன் நான். எனக்கு நடந்த ஒன்றை என் பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன். படிக்கிற ஒருவருக்காவது ஒரு நட்டம் குறைந்தால் போதும்.

காத்தான்குடியில் எனக்கு அரிசி மொத்த வியாபாரம். படுவான்கரையிலிருந்து நெல் ஏற்றுவதற்கு ஒரு பழைய இசுசு எல்ஃப் லொறி வைத்திருக்கிறேன். முன்னர் மண்முனைத் துறையில் படகுப்பாதைக்குக் காத்திருந்தே பாதி நாள் போய்விடும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் காலையில் போனால் பகலுக்குள் திரும்பிவிடலாம். அதனால் அறுவடைக் காலத்தில் அந்த லொறி ஒரு நாள் நின்றாலும் வியாபாரம் நின்ற மாதிரித்தான்.

2023 இல் பெரும்போக அறுவடை தொடங்கிய நேரம். கிளட்ச் பெடலில் கால் வைத்தால் அது தரையோடு போய்விடுகிறது, கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வருகிறது என்று சாரதி சொன்னார். நான் கடையில் ஆட்களோடு நின்றேன். “கிளட்ச் பிடிக்குதில்லை எண்டு சொல்லி கராஜில விடுங்க” என்றேன். சாரதி போய் அங்கிருந்த பொடியனிடம் அதையே சொன்னார். பொடியன் பாஸிடம் அதையே சொன்னான்.

இப்போது கவனியுங்கள். நமது பேச்சில் ‘கிளட்ச் பிடிக்குதில்லை’ என்றால் இரண்டு கருத்து உண்டு. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டால் இஞ்சின் இரைகிறது, ஆனால் வண்டி வேகம் எடுக்காது. அதையும் பிடிக்குதில்லை என்கிறோம். பெடலை மிதித்தும் கிளட்ச் விடுபடாமல் கியர் விழ மறுத்தால், அதையும் பிடிக்குதில்லை என்கிறோம். இரண்டும் நேர் எதிரான வருத்தங்கள். முதலாவதற்குக் கியர் பொக்ஸை இறக்கி பிளேட் மாற்ற வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் சிலிண்டரில் ஒயில் கசிவதால் வருவது. சில நூறு ரூபாய் றப்பரோடு முடிந்துவிடும் வேலையாகவும் இருக்கலாம்.

பாஸ் முதலாவது கருத்தை எடுத்துக்கொண்டார். கியர் பொக்ஸை இறக்கினார், பிளேட் செட் மாற்றினார், 68,000 ரூபாய்க்கு பில் போட்டார். லொறியை எடுத்து வந்த சாரதி கல்லடியைத் தாண்டவில்லை, மீண்டும் அதே கரகர சத்தம்.

நான் நேரே கராஜுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். “பழைய பிளேட் எங்க?” என்று கேட்டேன். பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். எனது சந்தேகம் இன்னும் கூடியது. ஆட்கள் கூடினார்கள். பாஸ் ஒரு தமிழ்ச் சகோதரர். தேநீர்க் கடையில் நின்ற நம்மவர் ஒருவர், “இவங்கட்ட கொடுத்தா இப்பிடித்தான்” என்றார். உள்ளே இருந்த ஒரு பொடியன், “இந்த ஆக்களுக்கு வேலை செஞ்சாலே இப்பிடித்தான்” என்றான்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கிளட்ச் பிளேட்டுக்கும் இனத்துக்கும் என்ன சம்பந்தம்? 1990 இல் இந்த வாவியின் இரு கரையிலும் என்ன நடந்தது என்று இப்பகுதியில் எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மீண்டு வந்த உறவுகளில் கராஜும் ஒன்று. நமது வாகனத்தை அவர்கள் திருத்துகிறார்கள், அவர்களது முச்சக்கரவண்டிக்கு நமது கடையில் உதிரிப்பாகம் வாங்குகிறார்கள். 68,000 ரூபாய்ப் பில் ஒன்றுக்காக அதை உடைக்க நான் காரணமாக இருந்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

பாஸ் என்னைக் கையில் பிடித்து வண்டிக்குக் கீழே கூட்டிப் போனார். கீழ்ச் சிலிண்டர் ஒயிலில் நனைந்திருந்தது. “பிடிக்குதில்லை எண்டுதானே காக்கா சொல்லி வந்திச்சு. பெடல் அடியில போகுது எண்டு யாரும் சொல்லல்லியே” என்றார். பிறகு அவரே, “நானும் ஒருக்கா ஓட்டிப் பார்த்திருக்கணும். வேலை கூடிப்போச்சு, பார்க்கல்ல” என்றார். அந்த இரண்டாவது வார்த்தையோடு என் கோபம் இறங்கிவிட்டது.

நாங்கள் செய்த தீர்ப்பு இதுதான். 18,000 ரூபாய்க் கூலியை அவர் விட்டார். புதிய பிளேட் எனது வண்டியில் இருப்பதால் அதன் விலையை நான் கொடுத்தேன். சிலிண்டர் றப்பரும் ஒயிலும் என் செலவு, மாட்டிய வேலை அவரது செலவு. பழைய பிளேட் உண்மையில் தேய்ந்திருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு நாள் நெல் வேறு வியாபாரிகளிடம் போனது. அந்த நட்டத்துக்கு எவரும் பில் போடவில்லை.

இதில் ஏமாற்று எங்கே இருந்தது? எங்குமில்லை. நான்கு வாய்கள் இருந்தன. என்னிடம் வரும்போது முழுமையாக இருந்த செய்தி, என் வாயிலிருந்து போகும்போது இரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது. முதல் பிழை என்னுடையது. கேட்டதை அப்படியே நம்பிச் சோதிக்காமல் வேலை தொடங்கியது பாஸின் பிழை.

பிழை வேறு, ஏமாற்று வேறு. நல்ல தொழிலாளியும் பிழை விடுவான். 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானத்தில், நடுவானில் விமானியின் முன்கண்ணாடி கழன்று பறந்தது. விமானி பாதி உடம்போடு வெளியே இழுபட்டார். ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சௌதாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். அந்த விமானி உட்பட எல்லோரும் உயிர் தப்பினர். காரணம் என்ன தெரியுமா? பறப்புக்குச் சற்று முன்னர்தான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. மாட்டிய 90 ஆணிகளில் 84 ஆணிகள் தேவையானதைவிட மெல்லியவை. வேலை செய்தவர் அனுபவமுள்ள மேற்பார்வையாளர். உரிய புத்தகத்தைப் பார்க்காமல், பழைய ஆணியைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்தார். சரியான அளவைக் களஞ்சியத்தில் இருந்தவர் சொல்லியும் இருந்தார், ஆனால் வற்புறுத்தவில்லை.

பழைய பாகத்தைக் கையில் கொடுத்து, “இதே மாதிரி ஒண்டு வாங்கிட்டு வா” என்று பொடியனை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்கு அனுப்புவதை நம் கராஜ்களில் தினமும் காண்கிறோம். விமானக் கம்பனியிலேயே அப்படி நடந்தால், நம்மிடம் நடக்காதா?

நமது நாட்டில் இந்தக் கவனம் இப்போது இன்னும் கூடுதலாகத் தேவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022 இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 வரை போனது. உதிரிப்பாகங்களின் விலையும் அதோடு ஏறியது. ஆகவே பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓடுகிறோம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் நமது ஊர்களில் உப்புக் காற்றால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கிறது. ஒரு ஆணியைக் கழற்றப் போனால் இன்னொன்று முறிகிறது. முறிந்ததற்கு யார் பொறுப்பு என்பதே அடுத்த சண்டை.

இவற்றுக்கு நான் கண்ட மருந்து ஒரு துண்டுக் காகிதம். வாகனத்தை விடும் நாம் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது, வருத்தத்தைச் சொல்ல வேண்டும். ‘கிளட்ச் மாற்று’ என்று வைத்தியம் சொல்லாமல், என்ன சத்தம், எப்போது வருகிறது, சூடானபோதா குளிரிலா, பாரம் ஏற்றினாலா வெறும் வண்டியிலா என்று எழுத வேண்டும். வண்டியை ஓட்டுபவரே நேரில் போய்ப் பாஸை ஒரு தரம் ஓட்டிப் பார்க்கச் செய்ய வேண்டும். எவ்வளவு வரை கேட்காமல் செய்யலாம், அதற்கு மேல் போனால் எந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்பதையும் அதே துண்டில் எழுதிவிடுங்கள்.

கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். “பெடல் கீழே போகுதா, வண்டி இழுக்குதில்லையா?” என்ற ஒரு கேள்வி எனக்கும் அந்தப் பாஸுக்கும் பெரும் நட்டத்தை மிச்சப்படுத்தியிருக்கும். கழற்றிய பாகத்தை உரியவர் பார்க்கும் வரை வைத்திருங்கள். துருப்பிடித்த ஆணி முறியலாம் என்பதைக் கழற்றும் முன்னரே சொல்லுங்கள். முறிந்த பின் சொன்னால் அது சாட்டாகத்தான் கேட்கும். பிழை நடந்துவிட்டால் வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

“எல்லாப் பாஸும் நல்லவரா?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இல்லை. புதிய பாகத்துக்குக் காசு வாங்கிப் பழையதை மாட்டுபவர்களும் உண்டு. அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். போடும் பாகமும் தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊரில் மத்தியஸ்த சபையும் இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது, “என்ன பேசினீர்கள், பில் எங்கே?” என்பதுதான். அங்கும் அந்தத் துண்டுதான் பேசும்.

“எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பாரே” என்று தயங்குகிறோம். நமக்கு இந்தத் தயக்கம் இருக்கவே கூடாது. குர்ஆனின் ஆக நீளமான வசனமே, சூரா பகராவின் 282 ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். நம்பிக்கை கெட்ட பிறகு எழுதிப் பயனில்லை. அது கெடாமல் இருக்கத்தான் எழுதுகிறோம்.

அதே பாஸிடம்தான் இன்றும் என் லொறி போகிறது. நான் வாங்கிக் கொடுத்த காபன் தாள் வைத்த பில் புத்தகம் ஒன்று அவரது மேசையில் இருக்கிறது. போன தடவை சாரதி வண்டியை விடப் போனபோது, “வாயால சொல்லாதீங்க, எழுதித் தாங்க” என்று அவரே கேட்டு வாங்கினாராம்.