மை வைத்த விரலும் ரேகை விழாத விரலும்

மாண்புமிகு உணவுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளியொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்று, வேதாரண்யம் பக்கத்தில் உப்பளங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் காலங்கழித்து வருகிறவன், இம்மடலைத் தங்கள் சமூகத்துக்கு எழுதத் துணிகிறேன். மனுவாக எழுதி அலுவலகப் படிகளில் ஏற்றாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம், நான் சொல்லப்போகும் விஷயம் ஒரு மூதாட்டியின் ஒரு மாத அரிசியைப் பற்றியதேயானாலும், அதனுள் அடங்கியிருக்கும் கேள்வி இந்நாட்டுப் பிரஜைகள் எல்லோருக்கும் பொதுவானது என்று நான் கருதுவதே.

சென்ற மாதம் ஒரு முற்பகல், எங்கள் ஊர் நியாய விலைக் கடையில் சர்க்கரைக்கும் பருப்புக்குமாக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் அறுபத்து மூன்று வயதான ஓர் அம்மாள். பதினைந்து வயதில் உப்பளத்தில் வாருபலகையைப் பிடித்தவர், கணவரை இழந்த பிறகும் அதை விடாதவர், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போய்த் தனி அட்டை வாங்கிக்கொண்ட பின் தம் அட்டையில் தாம் ஒருவராகவே எஞ்சியவர். கைரேகை யந்திரத்தின் சிறு கண்ணாடிச் சில்லின்மேல் கட்டைவிரலை வைத்தார், ஏற்கவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். எண்ணெய்ப் பிசுக்குச் சற்று இருந்தால் ரேகை விழும் என்று யாரோ சொல்ல, தலைமயிரில் விரலைத் தேய்த்துவிட்டு வைத்தார். விற்பனையாளரான இளைஞர் நல்லவர். தாமே எழுந்து வந்து, கண்ணாடியைத் துணியால் துடைத்து, அந்த அம்மாளின் விரலைத் தம் விரலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று இரண்டு கைகளிலும் ஆறு விரல்கள் ஆயின. “ரேகை விழ மாட்டேங்குது ஆத்தா. மதியத்துக்கு மேல வந்து பாருங்க, சர்வரும் மந்தமா இருக்கு” என்றார். அதற்கு அந்த அம்மாள், “இந்தக் கையத்தான தம்பி போன மாசமும் கொண்டாந்தேன்” என்றார். கோபம் சிறிதும் இல்லை. தம் கை ஏதோ குற்றம் செய்துவிட்டது போன்ற ஒரு கூச்சந்தான் அந்தக் குரலில் இருந்தது.

அந்த விற்பனையாளருடைய அக்காளின் கல்யாணத்தில் முதற்குலவை இட்டவர் இந்த அம்மாள்தான். வரிசையில் நின்ற இருபது பேரில் அவர் இன்னாரென்று அறியாதவர் ஒருவரும் இல்லை. அடுத்தபடியாக நான் விரலை வைத்தேன். முதல் தடவையிலேயே விழுந்தது. சுண்ணாம்புக் கட்டியையும் சிவப்பு மைப் பேனாவையும் தவிர வேறொன்றையும் பிடித்தறியாத விரல் அல்லவா!

யந்திரம் என்றாலே முகம் சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லேன் நான். பழைய காகித அட்டைக் காலத்தில், வாங்காத மண்ணெண்ணெய்க்கும் வாங்காத பாமாயிலுக்கும் வாங்கியதாகக் குறிப்பெழுதிய கடைகள் இருந்ததை என் வயதுக்காரர் எவரும் மறந்திருக்க முடியாது. 2017-இல் மின்னணு அட்டை வந்து, பில் போட்டவுடனே கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரத் தொடங்கிய பிறகு, அந்தச் சாமர்த்தியங்களுக்கு இடம் வெகுவாகக் குறைந்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர், ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாட்டின்படி இங்கேயே தம் பங்கைப் பெற முடிவதும் இந்தக் கருவியின் உபகாரமே. 2020 அக்டோபரில் அவ்வேற்பாட்டோடு சேர்ந்து கைரேகை முறை நம் மாநிலத்துக்கு வந்தபோது, நல்லது என்றே நானும் சொன்னேன்.

ஆயினும், ரேகை என்பது எல்லோர் கையிலும் ஒரே விதமாக நிலைத்திருப்பதன்று. உப்புநீரில் ஊறி வெடித்த கை, சூளையில் செங்கல் அடுக்கிய கை, கயிறு திரித்த கை, கல்லுடைத்த கை, பிறர் வீட்டுப் பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் துலக்கிய கை ஆகியவற்றிலெல்லாம் தோலின் மேடுகள் தேய்ந்து பள்ளங்களோடு கலந்துவிடுகின்றன. முதுமை அதை இன்னும் துரிதப்படுத்துகிறது. ஆகையால் யந்திரத்தின் பிழை சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஊரார் அனைவர்மேலும் சமமாக விழுவதில்லை. எவர் உழைத்து உழைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டாரோ, அவரைத் தேடிப்போய் விழுகிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டு விரல்களில் இந்தப் பிழை நிகழ்ந்திருந்தால், முதல் வாரத்திலேயே அது தங்கள் மேஜைக்கு வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இதில் இன்னொரு விநோதமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்துக்காக எங்கள் ஊரிலும் இரவு வகுப்பு நடந்தது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் இந்த அம்மாளுக்குப் பெயரெழுதக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்நாளில் ‘கைநாட்டு’ என்பது ஓர் ஏச்சு. சம்பளப் பட்டியலில் கட்டைவிரலை உருட்டாமல் தம் பெயரைத் தாமே எழுதிய அன்று, கணக்குப்பிள்ளை தலையை நிமிர்த்தித் தம் முகத்தைப் பார்த்தார் என்று அந்த அம்மாள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்து வந்தவரைத் திரும்பவும் கைநாட்டுக்கே அழைத்துவிட்டோம். 1858-இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில உத்தியோகஸ்தர், சாலை போடச் சரக்குத் தர ஒப்பிய ஒருவர் பின்னால் பேச்சு மாறிவிடக் கூடாதென்று ஒப்பந்தத்தின் பின்புறத்தில் அவருடைய கையை மையில் தோய்த்துப் பதிந்துகொண்டதிலிருந்துதான் இக்கலை நம் நாட்டில் நிர்வாகத்துக்குள் புகுந்ததென்பது சரித்திரம். சந்தேகத்தில் பிறந்த சாதனம் அது. பிறவிக்குணம் இன்னும் போகவில்லை போலும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர்களுக்கு வாய்க்கும் தேர்தல் பணியில், வாக்குச்சாவடித் தலைமை அலுவலனாக நான் பல தேர்தல்களில் அமர்ந்திருக்கிறேன். 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளைப் பயிற்சி வகுப்பில் எங்களுக்குப் பாடமாகவே நடத்துவார்கள். வாக்களிக்க வந்தவரை ‘இவர் அவரல்லர்’ என்று ஒரு வேட்பாளரின் முகவர் ஆட்சேபிக்க விரும்பினால், அவர் முதலில் இரண்டு ரூபாயை ரொக்கமாகத் தலைமை அலுவலரிடம் கட்ட வேண்டும். அதற்கு ரசீது கொடுத்து, அங்கேயே சுருக்கமான விசாரணை நடத்தி, ஆட்சேபம் நிரூபணமாகவில்லையென்றால் வந்தவரை வாக்களிக்க விட்டுவிட வேண்டும். ஆட்சேபம் அற்பமானதென்றோ நல்லெண்ணத்தோடு எழுப்பப்பட்டதன்றென்றோ கண்டால், அந்த இரண்டு ரூபாய் அரசுக்குப் போய்விடும். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஒரு முதியவரை ஒரு முகவர் ஆட்சேபித்தார். ‘சாட்சி உண்டா?’ என்றேன், இல்லை. முதியவர் வாக்களித்துவிட்டுப் போனார். அந்த இரண்டு ரூபாயை உறையில் இட்டு அரக்கு வைத்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தொகை அற்பம், அதற்குள் இருக்கும் நியாயம் அற்பமன்று. சந்தேகப்படுகிறவனே நிரூபிக்கக் கடமைப்பட்டவன், வந்து நிற்கும் பிரஜை அல்லன் என்று அவ்விதியை எழுதியவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள்.

அதே விதிகளில் அழியா மை பற்றிய இடத்தையும் தாங்கள் ஒருமுறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இடக்கை ஆள்காட்டி விரலில் வைக்க வேண்டும். அவ்விரல் இல்லையேல் இடக்கையில் வேறொரு விரலில். இடக்கையில் விரல்களே இல்லையேல் வலக்கை விரலில். இரு கைகளிலும் ஒரு விரலும் இல்லையேல், கையின் எந்த முனை எஞ்சியிருக்கிறதோ அந்த முனையில் என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போகிறது. விரலே இல்லாத ஒரு மனிதர் தம் வாக்கைச் செலுத்தச் சாவடிக்கு வந்து நிற்கும் காட்சியை அவ்விதிகளை எழுதிய உத்தியோகஸ்தர்கள் தங்கள் மனக்கண்ணால் கண்டிருக்கிறார்கள். யந்திரத்தைக் கடையில் கொண்டுவந்து வைத்த நம் காலத்தவரோ, பத்து விரல்களும் இருந்தும் ரேகை விழாத ஒருவர் வரிசையில் நிற்பார் என்பதைக் கூடக் கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கருதினார்கள், ஆணை இருக்கிறது என்று தங்கள் துறையினர் கூறுவார்கள். உண்மைதான். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஆதாரோடு இணைக்கப்படவில்லையென்று அட்டை நீக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் பதினொரு வயதுச் சிறுமி 2017 செப்டம்பரில் இறந்தாள். பசியால் என்று தாய் கூறினார். நோயால் என்று அரசு கூறியது. அதை ஒட்டி எழுந்த கலக்கத்துக்குப் பின், அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் தேதி மத்திய உணவுத் துறை, ஆதார் இல்லையென்றோ ரேகை பொருந்தவில்லையென்றோ எவருக்கும் தானியத்தை மறுக்கலாகாது, அத்தகையோருக்கு வழங்கியதைத் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. மறு ஆண்டு மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமைச் செயல் அலுவலர் உச்ச நீதிமன்றத்தில் விளக்கமளித்தபோது, அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி பெறுவது நூற்றுக்கு 88 என்ற கணக்கு வெளிவந்தது. மீதி 12 என்பது கணக்கில் ஒரு சிறு பின்னம். கடை வாசலில் அது ஒவ்வொன்றும் ஓர் ஆள். அவ்வாண்டு செப்டம்பர் 26-இல் ஆதாரை நீதிபதிகளில் நால்வர் ஏற்று ஒருவர் மறுத்துத் தீர்ப்பளித்த போதும், சரிபார்ப்புத் தவறியதற்காகத் தகுதியுடையவர் எவரும் விலக்கப்படலாகாது என்பதில் ஏற்ற நால்வருக்கும் பேதம் இருக்கவில்லை. நம் மாநிலத்திலும் கருவிழி பார்த்தல், கைப்பேசிக்கு வரும் எண், பிரதிநிதியை நியமித்தல் என்று மாற்று வழிகள் உண்டு. 2025 ஆகஸ்டு 12-இல் தொடங்கிய தாயுமானவர் திட்டம் எழுபது வயது கடந்தோர் வீட்டுக்கும் மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கும் பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பட்டது; அதை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அறுபத்து மூன்று வயதுக்காரர், கைப்பேசி இல்லாதவர், பிரதிநிதியாக நியமிக்க வீட்டில் ஒருவரும் அற்றவர், அந்த முற்பகலில் அந்தக் கடை வாசலில் எந்த ஆணையைக் காட்டுவார்? விற்பனையாளரைத் தனியே அழைத்துக் கேட்டேன். “அட்டைய ஸ்கேன் பண்ணிக் குடுக்கலாம் சார். ஆனா ரேகை இல்லாத பில் கூடிப்போச்சுன்னா மேல கேள்வி கேப்பாங்க. நான் எத்தன பேருக்குப் பதில் எழுதுறது?” என்றார். ஆணை ஒரு பக்கம் இருக்க, அதைப் பின்பற்றுகிறவன் குற்றவாளியாக நிற்கும்படி கணக்குமுறை இன்னொரு பக்கம் இருக்கிறது. கடைசியில் அன்று மாலையும் மறுநாள் காலையும் நடந்து, மூன்றாம் தடவையில் இடக்கை நடுவிரலுக்கு அந்த யந்திரம் இரங்கியது. அந்த இரண்டு நாளும் அவர் உப்பளத்துக்குப் போகவில்லை; கூலியும் இல்லை.

இந்த அரிசி நமக்கு எப்படி வந்தது என்பதைத் தாங்கள் அறியாதவரல்லர். கண்ட்ரோல் அரிசிக்கு வரிசையில் நின்ற காலமும், 1952-இல் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிய காலமும், படியரிசி வாக்குறுதியின் பேரில் 1967-இல் ஆட்சியே மாறிய காலமும், 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றிய காலமும், 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றியே வழங்கப்பட்ட காலமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இத்திருப்பங்கள் பலவற்றின் பின்னால் நின்றது தேர்தலே. பிற மாநிலங்கள் ஏழை யார், ஏழையல்லாதார் யார் என்று பிரித்துக்கொண்டிருந்தபோது, கேட்டவர் எல்லோருக்கும் உண்டு என்ற பொதுமுறையை நாம் விடாமல் காத்ததும் அதனால்தான். அரிசியைக் கடைக்குக் கொண்டுவந்தது மை வைத்த விரல். அதே விரலை இன்று கடை சந்தேகிக்கிறது.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிய செலவு பிடிப்பதன்று. ரேகை விழாமல் வழங்கியதை எழுதும் அந்தத் தனிப் பதிவேடு ஒவ்வொரு கடையிலும் இருக்கட்டும். அதில் எழுதி வழங்கியதற்காக விற்பனையாளரிடம் விளக்கம் கேட்பது நிற்கட்டும். ஒருவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப நேர்ந்தால், என்ன காரணத்தால் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பொறுப்பு கடைக்கு ஏற்படட்டும். எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தாலே பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்பது என் அனுபவம். மாதந்தோறும் எத்தனை தடவை ரேகை விழுந்தது என்று வெளியிடுவதோடு எத்தனை தடவை விழவில்லை என்பதையும் கடைவாரியாக வெளியிடுங்கள். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமே சமூகத் தணிக்கைக்கு இடம் வைத்திருக்கிறது. அதை ஏட்டோடு விடாமல், அந்த எண்ணிக்கையைக் கிராம சபையில் படிக்கச் செய்யுங்கள். பெயர்களைப் படிக்க வேண்டாம். வறுமையைச் சபையேற்றுவது என் நோக்கமன்று. எண்ணிக்கை போதும்.

நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சி நாளன்று, எங்கள் ஊர் கிராம சபை கூடுகிறது. வழக்கம்போல் தலைவரின் மேஜைக்கு எதிரில் முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். அந்த அம்மாளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் அந்தப் பதிவேடு எங்கள் கடைக்கு வந்து சேரும்படி உத்தரவிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தமிழாசிரியன் ஒருவன்